திரைப்படப் பள்ளிக் கட்டணம்: கடனா, ஓய்வுக்காலச் சேமிப்பா?

கேள்வி: எங்கள் மகளுக்குத் திரைப்படப் பள்ளி ஒன்றில் மூன்றாண்டுப் படத்தொகுப்புப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் முழுவதையும் 10 சதவீத வட்டியில் கல்விக் கடனாக வாங்குவதா, எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கட்டுவதா?

பதில்: ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள், அதை மீண்டும் சேர்க்க மகளுக்கு இருக்கும் ஆண்டுகள் உங்களுக்கு இல்லை. கடன் வாங்கலாம். ஆனால், மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து வகுத்த தவணைத் திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். திரைத்துறையில் பெரும்பாலோர் படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். உதவிப் படத்தொகுப்பாளராகத் தொடங்குபவருக்கு ஒரு படம் முடிந்து அடுத்தது அமைய மாதங்கள் ஆகலாம், முடித்துக் கொடுத்த வேலைக்கான பணமும் தாமதமாக வரலாம்.

100 ரூபாயை முதல் நாளே வாங்கி, படிக்கும் மூன்றாண்டும் எதுவும் கட்டாமல் விட்டால், ஆண்டுக்கொருமுறை வட்டி அசலோடு சேரும் கணக்கில் கடன் 133 ரூபாய் 10 காசாக நிற்கும். அதை 5 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 2 ரூபாய் 83 காசும், 10 ஆண்டுகளில் அடைக்க 1 ரூபாய் 76 காசும் தேவை. படிக்கும்போதே வட்டியை மட்டும் நீங்கள் கட்டிவந்தால் கடன் 100 ரூபாயிலேயே நிற்கும். 10 ஆண்டுத் தவணையும் 1 ரூபாய் 32 காசாகக் குறையும். கடனை மொத்தமாக வாங்காமல், கட்டணத்தைப் பருவந்தோறும் விடுவிக்க வங்கியிடம் சொன்னால் வட்டி இன்னும் குறையும். நீண்ட காலத் தவணையில் மொத்த வட்டி கூடும் என்பது உண்மைதான். ஆனாலும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்ற நிபந்தனையோடு அதையே தேர்ந்தெடுங்கள், நல்ல வருமானம் வரும் மாதங்களில் அவள் கூடுதலாகக் கட்டிக்கொள்ளட்டும்.

கையெழுத்திடுவதற்கு முன் பள்ளியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: இறுதியாண்டுக் குறும்படத்தின் செலவு கட்டணத்தில் அடங்குமா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், கடந்த மூன்று ஆண்டுகளில் படத்தொகுப்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள். விளம்பரத்தில் சிரிக்கும் ஒரே ஒரு பிரபல முன்னாள் மாணவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுக்கு ஒரு நல்ல கணினி வேண்டியிருக்கும். கேமராவைக் கடனில் வாங்க வேண்டாம், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்திடுவீர்கள் என்பதால், அவள் தவணை கட்டத் தவறும் மாதத்தில் வங்கி உங்களைத்தான் கேட்கும். ஆகவே, படிப்பு முடிவதற்குள் ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.