வருமான வரி போனால் ஏற்றுமதி பெருகுமா?

கேள்வி: வருமான வரியை ஒழித்துவிட்டு, வாங்கும் பொருளுக்கு மட்டும் வரி போட்டால் ஏற்றுமதி பெருகும் என்று அமெரிக்காவில் ஒரு சாரார் வாதிடுகிறார்களே, சரியா?

பதில்: கொஞ்ச காலத்துக்கு வேண்டுமானால் பெருகலாம். உலக வர்த்தக விதிப்படி, பொருள்மேல் போட்ட வரியை ஏற்றுமதியின்போது திருப்பித் தரலாம். லாபத்தின்மேல் போட்ட வரியைத் தந்தால் அது மானியம், கூடாது. இந்த விதியைச் சுற்றிக்கொண்டு போக அமெரிக்கா 1971, 1984, 2000 என மூன்று முறை சட்டம் போட்டுப் பார்த்தது. கடைசிச் சட்டத்தை 2004-இல் தானே நீக்க வேண்டிவந்தது. ‘ஐரோப்பா மட்டும் மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தருகிறதே’ என்ற புகார் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் புகாரில் பாதிதான் நியாயம். ஜெர்மனியில் விற்கும் அமெரிக்கக் காருக்கும் 19 சதவீதம், ஜெர்மன் காருக்கும் அதே 19 சதவீதம்.

ஒரு கணக்கு பாருங்கள். வருமான வரி போனதால் 100 டாலர் பொருளின் அடக்கம் 80 டாலராக இறங்குகிறது. உள்நாட்டில் அதன்மேல் 25 சதவீத நுகர்வு வரி. ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பதால் வெளிநாட்டார் 80 டாலருக்கே வாங்க வருவார்கள். டாலருக்குத் தேவை கூடி அதன் மதிப்பு 25 சதவீதம் ஏறினால், அவர்கள் நாணயத்தில் விலை பழையபடி அதே 100 டாலர் கணக்குக்கு வந்துவிடும். 100 டாலர் இறக்குமதிப் பொருளோ ஏறிய டாலரில் 80 ஆகி, வரி சேர்ந்து மறுபடி 100-இல் நிற்கும். டாலர் மெதுவாக ஏறினால் அதுவரை ஏற்றுமதியாளருக்கு லாபம்தான், ஆனால் அது நிலைக்காது.

நாணயம் தனியாக ஏற முடியாத இடத்தில் கதை வேறு. 2007-இல் ஜெர்மனி மதிப்புக் கூட்டு வரியை 16-இலிருந்து 19 சதவீதமாக்கி, சம்பளத்தின்மேல் கட்டும் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 6.5-இலிருந்து 4.2 சதவீதமாகக் குறைத்தது. யூரோவைப் பகிரும் பக்கத்து நாடுகளோடு போட்டியிட இது உதவக்கூடிய வழி, கூலி உயரும்வரை.

கேள்வி: வருமான வரியை ஒழித்துவிட்டு, கடை விற்பனையில் மட்டும் வரி போடச் சொல்லும் அமெரிக்காவின் ‘ஃபேர்டாக்ஸ்’ மசோதாவில் வரி 23 சதவீதமா, 30 சதவீதமா?

பதில்: இரண்டும் ஒன்றே. 77 டாலர் பொருளுக்கு 23 டாலர் வரி சேர்த்து 100 கொடுக்கிறீர்கள். 100-இல் 23 என்றால் 23 சதவீதம். 77-க்கு 23 என்றால் ஏறத்தாழ 30. கடை வரியை எல்லோரும் இரண்டாவது முறையில்தான் சொல்வார்கள். 1999-இல் முதலில் வந்த இந்த மசோதாவின் ஆதரவாளர்கள் முதல் முறையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மதிப்புக் கூட்டு வரி, கடைசி விற்பனையில் மட்டும் வாங்கும் வரி – எது மேல்?

பதில்: சந்தேகமில்லாமல் முதலாவது. 30 சதவீதத்தை ஒரே இடத்தில், சில்லறைக் கடையில், வாங்கினால் அந்த ஒரு பில்லை மறைத்தால் முழு வரியும் போயிற்று. வீட்டுக்கு வாங்கும் கணினியை ‘தொழிலுக்கு’ என்று எழுதி வரியில்லாமல் எடுப்பார்கள். மதிப்புக் கூட்டு வரியில் ஆலை, மொத்த வியாபாரி, கடைக்காரர் என ஒவ்வொருவரும் தம் பங்கைக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைக் கழித்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றினாலும் முந்தைய கட்ட வரி கைக்கு வந்திருக்கும். கழிவு வேண்டும் என்பதற்காகவே வாங்குபவர் பில் கேட்பார். இதிலும் போலி பில் காட்டித் திருப்பிப் பணம் வாங்கும் மோசடி உண்டு, முக்கியமாக ஏற்றுமதியில்.

கேள்வி: மாற்றத்தில் அதிகம் அடிபடுவது யார்?

பதில்: ஓய்வு பெற்றவர்கள். சம்பாதித்தபோது வருமான வரி கட்டி, மிச்சத்தைச் சேமித்தார்கள். அதைச் செலவழிக்கும்போது மறுபடி வரி. ஏழைகளுக்காக, வறுமைக் கோட்டளவு செலவுக்கான வரியை மாதாமாதம் முன்கூட்டியே தர ‘ஃபேர்டாக்ஸ்’ மசோதாவில் இடம் இருக்கிறது. பழைய சேமிப்புக்கு அப்படித் தனி விலக்கு கொடுக்கப் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட 23 என்ற எண் மேலே நகர வேண்டியிருக்கும்.