ஆயுள் என்றால் எத்தனை வருஷம்? பாலியல் குற்றத் தண்டனைகள்: கேள்வி பதில்

சென்னையில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பக்கம் நிற்பதுதான் பெரும்பாலும் என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதையும் பொதுவில் எழுதாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், எஃப்ஐஆர் கசிந்ததற்காக மட்டும் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: மேடம், ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்களாமே?

இல்லை அம்மா. ஆயுள் என்றால் ஆயுள்தான். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஒருவருக்கு ஆயுள் கிடைத்தால், 14 ஆண்டு முடியாமல் அவரை விடுவிக்க அரசு யோசிக்கவே கூடாது என்பதுதான் சட்டம். 14 முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு எதிரான கடும் குற்றங்களில் 'இயற்கையான வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும்' என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் விதித்து, 30 ஆண்டுக்குக் குறையாமல் தண்டனைக் குறைப்பின்றி அனுபவிக்க வேண்டும் என்றது. சம்பவம் நடந்தது 2024 டிசம்பர் 23. இத்தனை சீக்கிரம் தீர்ப்பு வந்தது பெரிய விஷயம். ஆனால் 'இத்தனை ஆண்டு சலுகையே கிடையாது' என்று விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் என்று 2015ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இந்த வாதம் எழலாம்.

அம்பத்தூர் வாசகர்: பேப்பரில் 'மூன்று ஆயுள், கூடவே 20 ஆண்டு' என்று போடுகிறார்களே, கூட்டிக் கணக்குப் போடுவதா?

பெரும்பாலும் தீர்ப்பின் கடைசியில் 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அப்படியென்றால் எல்லாம் சேர்ந்தே ஓடும். ஒரு மனிதனுக்கு ஆயுள் ஒன்றுதான். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க முடியாது என்று நம் தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் தனித்தனியாக விதிப்பதில் பயன் உண்டு. மேல்முறையீட்டில் ஒரு பிரிவு அடிபட்டாலும் மற்றது நிற்கும்.

அயனாவரம், ஒரு தாத்தா: எங்கள் பக்கத்தில் நடந்த அந்தக் குழந்தை வழக்கில் சிலருக்கு ஆயுள், சிலருக்கு ஐந்தே வருஷம். ஏனம்மா இந்த வித்தியாசம்?

ஐயா, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சிறுமி வழக்கில் 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஐந்து பேருக்கு ஆயுள், ஒருவருக்கு ஏழாண்டு, ஒன்பது பேருக்கு ஐந்தாண்டு. நீதிபதி தன் விருப்பத்துக்கு எண்ணைப் போடுவதில்லை. ஒவ்வொருவர் மீதும் எந்தப் பிரிவு நிரூபணமாகிறதோ, அதற்குரிய படிக்கட்டில்தான் நிற்க முடியும். போக்சோவில் உடலுக்குள் ஊடுருவும் தாக்குதல் ஒரு படி. தகாத நோக்கத்தோடு தொடுவது அதற்குக் கீழே, 3 முதல் 5 ஆண்டு. பிள்ளைக்கு 12 வயது நிரம்பவில்லை, செய்தவர் உறவினர், ஆசிரியர், போலீஸ், பலர் சேர்ந்து செய்தது என்றால் ஒரு படி மேலே ஏறும். அப்போது தொடுதலுக்கே 5 முதல் 7 ஆண்டு.

அடுத்தது தேதி. இதைத்தான் குடும்பங்கள் கவனிப்பதில்லை. போக்சோ 2012 நவம்பர் 14ல் அமலுக்கு வந்தது. 2019 ஆகஸ்ட் 16ல் தண்டனைகள் கூடின. அதற்கு முன் ஊடுருவும் தாக்குதலுக்குக் குறைந்தது ஏழாண்டு; இப்போது பத்து, பிள்ளைக்கு 16 வயதுக்குக் கீழ் என்றால் இருபது. மோசமான வகைக்குப் பத்தாக இருந்தது இருபதாகி, அதிகபட்சமாக மரண தண்டனையும் சேர்ந்தது. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டமோ அதுதான் செல்லும். பின்னால் வந்த கடுமையை முன்னால் நடந்ததற்குப் போட அரசியல் சாசனம் விடாது.

எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேதி எப்படித் தெரியும்? "பொங்கல் லீவுக்கு முன்னாடி", "அம்மா ஊருக்குப் போனப்போ" என்றுதான் சொல்லும். அந்த லீவு எந்த வருஷத்து லீவு என்பதைப் பள்ளி வருகைப் பதிவேட்டையும் ஊருக்குப் போன ரயில் டிக்கெட்டையும் வைத்து உறுதி செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான். விசாரணை அதிகாரி இந்தக் காகிதங்களில் அலட்சியம் காட்டினால் இருபது வருஷம் பத்தாகிவிடும். ஆகவே குற்றப்பத்திரிகை நகலை வாங்கி, தேதியையும் வயதையும் நீங்களே சரிபாருங்கள்.

தாம்பரம் வாசகர்: எல்லாருக்கும் கட்டாயத் தூக்கு என்று ஆக்கிவிட்டால் என்ன சார்?

(நான் மேடம்தான், பரவாயில்லை.) கட்டாய மரண தண்டனை செல்லாது என்று 1983லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், முகலிவாக்கத்தில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கைப் பாருங்கள். 2018ல் செங்கல்பட்டு நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நபரை விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலி அறுந்திருந்தது. அவருக்கு முறையான சட்ட உதவியும் கிடைக்கவில்லை. அந்தப் பெற்றோருக்கு இன்று கையில் என்ன இருக்கிறது? எத்தனை கடுமையான தண்டனை எழுதினாலும் விசாரணை ஒழுங்காக நடக்காவிட்டால் அது காகிதம்தான்.

இன்னொன்று, குற்றவாளி பெரும்பாலும் தெரிந்தவர். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். "நீ வாய் திறந்தால் அவன் தூக்கில் தொங்குவான்" என்று வீட்டாரே ஒரு குழந்தையின் வாயை அடைப்பார்கள். தூக்கைக் கட்டாயமாக்கினால் புகார்கள்தான் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராயபுரம், ஒரு அண்ணன்: தங்கைக்கு 17. விரும்பித்தான் போனாள். அந்தப் பையனுக்கு 19. அவனுக்குப் பத்து வருஷமா?

18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உறவு நிரூபணமானால் குறைந்தது பத்தாண்டு, கர்ப்பமாகியிருந்தால் இருபது. நீதிபதிக்கு மனமிருந்தாலும் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. 2021 ஜனவரியில் இப்படியொரு வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இளவயதுக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றது. அந்த வழியில் மனுப் போடலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது. வயது நெருங்கிய இளையவர்கள் விஷயத்தில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து. பிள்ளைகளைக் குதறுகிறவனுக்கும் இந்தப் பையனுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமாகப் படவில்லை.

சூளைமேடு, கல்லூரி மாணவர்: குழந்தைகள் ஆபாச வீடியோவை யாரோ அனுப்பினார்கள். பார்த்தாலே குற்றமா?

அம்பத்தூர்க்காரர் ஒருவர் வழக்கில் 'தனியாகப் பார்ப்பது குற்றமல்ல' என்றது உயர் நீதிமன்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. யாருக்கும் அனுப்பாமல் உடனே cybercrime.gov.in தளத்திலோ காவல் நிலையத்திலோ தெரிவியுங்கள்.

வியாசர்பாடி, ஒரு தாய்: பணம் தருகிறோம், கேஸை வாபஸ் வாங்கு என்கிறார்கள்.

வாங்க முடியாது அம்மா. இது அரசு நடத்தும் வழக்கு. சமரசம் ஆகிவிட்டது என்று இத்தகைய வழக்கை முடிக்கக்கூடாது என்று 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணக் கஷ்டம் என்றால் சிறப்பு நீதிமன்றத்திலேயே இடைக்கால இழப்பீடு கேளுங்கள், தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். மிரட்டினால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

வேளச்சேரி, ஒரு அம்மா: டியூஷன் சாரைப் பற்றி மகள் நேற்று ஏதோ சொன்னாள். கை நடுங்குகிறது. இப்போது என்ன செய்ய?

முதலில் அவளிடம் "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். போனில் பதிவு செய்யவும் வேண்டாம். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி வீட்டுக்கே வரலாம், சீருடையில் வரக்கூடாது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் சிகிச்சை இலவசம். டியூஷன் சென்டர் பொறுப்பாளர் தெரிந்தும் மறைத்தால் அவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. எஃப்ஐஆர் நகலைக் காசு கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமிக்கும்; அதுவரை நான் வருகிறேன், காலையில் எழுதுங்கள்.