பனை மரமா, புல்லா? ஒருவித்திலையை வீட்டில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: மகள் சாதாரண தரம் படிக்கிறாள். பனை ஒருவித்திலைத் தாவரம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். இவ்வளவு பெரிய மரம் நெல்லோடும் அறுகோடும் எப்படிச் சேரும்? யாழ்ப்பாணத்தில் கையில் கிடைப்பதை வைத்து எப்படி விளங்கப்படுத்தலாம்?

உயரத்துக்கும் இந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. வித்துக்குள் இருக்கும் முளையத்துக்கு, அதாவது குட்டிச் செடிக்கு, எத்தனை வித்திலை (முதல் இலை) என்பதுதான் கணக்கு: ஒன்றென்றால் ஒருவித்திலை, இரண்டென்றால் இருவித்திலை. அதைக் காட்டப் பனங்கொட்டையை விட நல்ல பொருள் கிடையாது.

கிழங்குப் பாத்தியில் போட்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆன கொட்டை ஒன்றை எடுங்கள். கையில் பிடித்து வெட்ட வேண்டாம், கத்தி வழுக்கும். கட்டையில் வைத்து நீங்களே பிளந்து கொடுங்கள். ஓட்டை ஒட்டி வெள்ளையாக, கல் மாதிரி ஒரு படை இருக்கும். அது வித்தகவிழையம், பிள்ளைக்கான சேமிப்பு உணவு. நடுவில் பஞ்சு போல, இனிப்பாக இருப்பது பூரான். நாங்கள் ரசித்துத் தின்னும் அந்தப் பூரான்தான் வித்திலையின் நுனி! அது ஊதி ஊதி வெள்ளைப் படையைக் கரைத்து உறிஞ்சுகிறது. அதே வித்திலையின் காம்புதான் குழாய் போல நீண்டு, முளையைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த முளை தடித்துத்தான் பனங்கிழங்கு வருகிறது. அவித்த கிழங்கைப் பிளந்தால் நடுவில் மெல்லிய குருத்து ஒன்று இருக்குமே, அது இலையாக வரவேண்டியது. ஆகவே கிழங்கை வேர் என்று எழுதினால் பிழை.

நேரத்தில் கவனம் தேவை. முந்திப் பிளந்தால் வெள்ளைப் படையும் நடுவில் வெற்றிடமும்தான் தெரியும். பிந்தினால் பூரான் வற்றிப் போயிருக்கும்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட, இருவித்திலையான முழுப் பயறு ஒரு கைப்பிடி போதும். இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டி விடுங்கள். அடுத்த நாள் வேர் எட்டிப் பார்க்கும். தோலை உரித்தால் இரண்டு பாதி, அவைதான் இரண்டு வித்திலை; இடுக்கில் மடிந்த சின்ன இலை. தண்ணீருக்குள்ளேயே விட்டால் வித்துக்கு ஒட்சிசன் கிடைக்காமல் அழுகி மணக்கும். உடைத்த பருப்பு முளைக்காது. அது இரண்டு வித்திலையில் ஒன்று மட்டும்தான், உடைக்கும்போதே முளையம் சிதைந்து போய்விட்டது.

இனி "மரம்" என்ற பிரச்சினை. வேம்பை வெட்டினால் வைரம் (மரத்தின் கடினமான பகுதி) நடுவில். பனையை வெட்டினால் வைரம் வெளியே, உள்ளே நாரோடு மெத்தென்ற பகுதி. தொல்காப்பிய மரபியல் இதை வைத்தே வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. (அங்கே காழ் என்பது வைரம். பாடப்புத்தகத்தில் காழ் என்பது நீரைக் கடத்தும் இழையம். இரண்டையும் குழப்பினால் புள்ளி போகும்.)

காரணம் மாறிழையம், அதாவது புதுக் கலங்களை உண்டாக்கும் படை. வேம்பின் தண்டில் காழுக்கும் உணவைக் கடத்தும் உரியத்துக்கும் இடையில் அது இருப்பதால் புதுக் காழ் உள்ளே படிந்து படிந்து மரம் பருக்கிறது. பனையில் அது இல்லை. காழும் உரியமும் சேர்ந்த கலன்கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறி, ஓரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அந்த நெருக்கம்தான் வெளி வைரம். அதனால்தான் வடலியாக (இளம் பனையாக) நிலத்தோடு பல வருடம் கிடந்து, அடியை அகலப்படுத்திக்கொண்டுதான் பனை மேலே கிளம்பும். தண்டில் தெரியும் வளையங்கள் ஓலை விழுந்த தழும்புகள், ஆண்டு வளையம் அல்ல. வளர்முனையும் உச்சிக் குருத்து ஒன்றுதான். கொப்பு வெட்டிய வேம்பு பக்கத்தால் துளிர்க்கும், தலை போன பனை துளிர்க்காது.

கலன்கட்டுகளைக் கண்ணால் காண காசித்தும்பைச் செடி ஒன்றும் இளம் சோளன் கன்று ஒன்றும் எடுங்கள். அடியைச் சரிவாக வெட்டி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிறகு புது பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு. காசித்தும்பையில் சிவப்புப் புள்ளிகள் வளையமாக நிற்கும், சோளனில் இறைத்துவிட்டது போல இருக்கும். சோளனில் இலையுறையை உரிக்காமல் வெட்டினால் உறைகள் வட்டமாகத் தெரிந்து ஏமாற்றும். வாழையை எடுக்கவே வேண்டாம், வெளியே தெரியும் "தண்டு" முழுக்க இலையுறைதான்.

வேர் சுலபம்: அறுகில் நார்வேர்த் தொகுதி, கீரைக்கன்றில் ஆணிவேர். பூவில் ஒருவித்திலைக்கு மூன்றின் மடங்கு. வெங்காயப் பூவில் இதழ் ஆறு, கேசரம் (மகரந்தம் தரும் உறுப்பு) ஆறு. நொங்குக்கு மூன்று கண் வருவதும் சூலகத்தில் மூன்று அறை இருப்பதால்தான். ஒன்று விருத்தியாகாமல் போனால் இரண்டு கண் நொங்கு.

இலை நரம்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சமாந்தரமாக ஓடினால் ஒருவித்திலை, வலை போல இருந்தால் இருவித்திலை என்பது நெல்லுக்கும் பூவரசுக்கும் சரி. இராசவள்ளிக் கொடியின் இலையைப் பிடுங்கிப் பார்த்தால் அகன்ற இலை, குறுக்கே வலை போல நரம்பு. ஆனால் அது ஒருவித்திலை. சேம்பும் அப்படியே.