நோட்டீஸ் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: வரிச் சட்டத்தை மட்டுமே தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவரும் வழக்கறிஞர் நிறுவனங்கள் உலகெங்கும் இருக்கின்றன. கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும்போது இவர்களுக்கு என்ன வேலை?

பதில்: கணக்கு சரியா என்பதை ஆடிட்டர் பார்ப்பார்; அந்தக் கணக்குக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்று தகராறு எழும்போது வழக்கறிஞர் தேவைப்படுகிறார். வருமான வரியோடு சேர்ந்து வளர்ந்த துறை இது. பிரான்ஸுடனான போருக்காக பிரிட்டனில் 1799-இல் வந்த அந்த வரி, 1816-இல் நீங்கி, 1842-இல் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு உறுதியான அடித்தளம் தந்தது. 1924-இல் வரி மேல்முறையீட்டுக்கென்றே தனி வாரியம் அமைந்தது.

இந்தத் தொழிலின் சாரத்தைக் காட்ட ஒரு தோட்டக்காரரின் கூலி போதும். வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன், வரிக்கழிவு கிடைக்காத கூலிக்குப் பதிலாக, கழிவு கிடைக்கும்படி தம் தோட்டக்காரருக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பணம் தந்தார். பத்திரத்தில் உள்ளபடியே செல்லும் என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1935-இல் தீர்ப்பளித்தது. 1981-இல் ராம்சே வழக்கில் அதே சபை, வரியைத் தவிர்ப்பதற்கென்றே கோத்த நடவடிக்கைகளை ஒன்றொன்றாகப் பிரிக்காமல் மொத்தமாகப் பார்க்கலாம் என்றது. இடையில் 46 ஆண்டுகள்! எந்தத் தீர்ப்பை நம்பி ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதைத் தன் பழைய கோப்பிலிருந்து எடுத்துக்காட்ட முடிவதைத்தான், நீண்ட காலம் நிலைத்த நிறுவனத்தின் உண்மையான சொத்தாக நான் கருதுகிறேன்.

சொத்து கைமாறுவதற்கு முன் தரும் ஆலோசனை, வாரிசுரிமை, சுங்கம், மதிப்புக் கூட்டு வரி, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகள் வரி கேட்கும் சிக்கல் என வேலைகள் பல. ஆனாலும் பலர் அவர்களைத் தேடிப் போவது நோட்டீஸ் வந்த பிறகுதான். அப்போது முதலில் பார்க்கப்படுவது வரித்தொகை அன்று, தேதி. பிரிட்டனில் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 30 நாள் கெடு. அமெரிக்காவில், கட்டிய வரி போதாது என்று வரித்துறை அனுப்பும் பற்றாக்குறை நோட்டீஸ் அஞ்சலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள். அனுப்பிய நாளிலிருந்து எண்ணும் சட்டமும் உண்டு, கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணும் சட்டமும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள குமாஸ்தா, கடிதத்தைப் படிக்கும் முன்பே அஞ்சல் முத்திரையைப் பார்த்து, வந்து சேர்ந்த தேதியை உறையின் மேல் குறித்து, அந்த உறையையும் கோப்பில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்.