குதிரைக்கும் பெயர் உண்டு

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு போலந்து போயிருந்தோம். கிராகோவ் பக்கத்தில் வியெலிச்கா உப்புச் சுரங்கம். மரப்படிகளில் இறங்கியே கால் ஓய்ந்துவிட்டது. நூறு மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே குடைந்த தேவாலயம், உப்புப் படிகத்தில் சரவிளக்கு! சுவரை நக்கிப் பார்க்கலாம் என்றார்கள்; பிள்ளைகள் நக்கினார்கள். ஒரே ஒரு உறுத்தல். தொழிலாளிகள் உயிரைக் கொடுத்து உழைத்த இடத்தைக் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடுவது சரியா? நம் ஊரில் இப்படி ஒன்றுமில்லையே என்றும் இருந்தது. எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது மராமத்து நடக்கிறது. ஒருமுறை வாருங்கள்.

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

வாடகை வாங்கட்டும். 1996-இல் உப்பு வெட்டுவதை நிறுத்திய சுரங்கம் அது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் குடைவுகளுக்கு முட்டுக் கொடுக்கவும், ஊறும் தண்ணீரை இறைக்கவும் காசு வேண்டாமா? நக்கிய விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை.

என் கோபம் வேறு. சரவிளக்கைப் பற்றி எழுதினீர்கள். தேவாலயத்தைச் செதுக்கியது யார் என்று ஒரு வரி இல்லை. வழிகாட்டி சொல்லியிருப்பார், நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். 1896-இல் தொடங்கியவர் யூசெஃப் மார்கோவ்ஸ்கி, பிறகு அவர் சகோதரர் தொமாஷ், அப்புறம் அந்தோனி விரோதெக். எல்லோரும் அந்தச் சுரங்கத்து ஆட்கள்தான். அறுபது வருஷத்துக்கு மேல் நடந்த வேலை. அங்கே பாரம் இழுத்த குதிரைகளில் கடைசிக் குதிரை மேலே வந்தது 2002-இல். அதன் பெயர் பாஷ்கா. குதிரையின் பெயரைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

நம் ஊரில் ஒன்றுமில்லையா? செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தேக்கு பர்மா, சலவைக்கல் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கட்டியது யார் என்று கேட்டால், "அந்தக் காலத்து ஆளுங்க சார்." அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் வளவு வீட்டில் சுவர்ப்பூச்சு நடந்தது நினைவிருக்கிறது. சித்தாள்கள் அம்மியில் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சை ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்தாக வேண்டும். பெரிய கொத்தனார் டீ வந்தால்கூடத் திரும்ப மாட்டார். தேய்த்து முடித்ததும் புறங்கையைச் சுவரில் ஓட்டிப் பார்ப்பார். சுண்ணாம்பில் வெந்து காய்த்துப்போன உள்ளங்கைக்கு வழவழப்பு தெரியாது. ஆச்சி எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கிய கடை, வண்டிக்காரர் பெயர், முட்டை விலை எல்லாம் உண்டு. வேலை பார்த்தவர்கள் மட்டும் "கொத்து 2, சித்தாள் 5".

இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள், உப்பு வியாபாரம் பார்த்துப் பிறகு பர்மாவரைக்கும் போன நகரத்தார், கணக்கில் கால் காசு விடாதவர்கள். இதை விட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் மராமத்து நடக்கிறதே, சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். சித்தாள் பெண்கள் பெயரையும்தான். முகப்பில் விலாசத்துக்குக் கீழே ஒரு கல்லில் பொறித்து வைத்தால் இன்னும் நல்லது. உங்கள் பங்காளிகள் சம்மதிக்க மாட்டார்கள். கல்லைப் பதித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.