கையொப்பம் யாருடையது?

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. காலமான அப்பாவின் பணிக்கொடைப் பணத்தை யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு வங்கியில் மாதவட்டி தரும் நிலையான வைப்பாக இட்டிருந்தார். 2022 யூலையில் அது முதிர்ந்தபோது, அன்றைய புதிய வட்டியில் புதுப்பிக்குமாறு எழுதிக் கொடுத்தார். வங்கியோ பணத்தைப் பதினொரு மாதம் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டது. முறைப்பாடு செய்தேன். 2023 நவம்பரில் தவறை ஏற்று, இழந்த வட்டியோடு நட்டஈடாக ஒரு தொகையும் தருவதாக அம்மாவின் பெயருக்குக் கடிதம் அனுப்பினார்கள். இரண்டு வருடமாகியும் ஒரு சதமும் வரவில்லை. கிளைக்குப் போனால் "கொழும்பில இருந்து வரவேணும்" என்கிறார்கள். அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. அந்த மாதங்களில் வட்டி என்று சொல்லி என் சம்பளத்திலிருந்து கொடுத்து வந்தேன். சட்டத்தரணியிடம் போவதா, விட்டுவிடுவதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்:

சகோதரி, வங்கியைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில் எனக்குப் புதிது எதுவுமில்லை. தவறை ஒப்புக்கொண்டு, தொகையையும் சொல்லி, கொடுக்கும் திகதியை மட்டும் சொல்லாமல் விடுகின்ற கடிதங்களைப் பற்றி இந்தப் பகுதிக்குப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப வாசித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியைத்தான்: "அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது."

அப்படியானால் முறைப்பாட்டில் கையொப்பமிட்டது யார்?

உங்கள் பெயரில் நீங்களே கையொப்பமிட்டிருந்தால், கணக்கின் சொந்தக்காரர் அல்லாத ஒருவருக்குப் பணம் கொடுக்க முடியாது என்று வங்கி எந்த நேரத்திலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதில் பிழையும் இல்லை. அம்மாவின் கையொப்பத்தை நீங்கள் இட்டிருந்தால், அதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. அது கள்ளக் கையொப்பம். நல்ல நோக்கத்தோடு இட்டாலும் அதன் பெயர் மாறாது. வங்கியின் கோப்பிலுள்ள மாதிரிக் கையொப்பத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்று யாராவது கண்டுபிடிக்கும் நாளில், இரண்டு வருடமாக இழுத்தடித்தவர்கள் நியாயவாதிகளாகிவிடுவார்கள், நீங்கள் குற்றவாளியாக நிற்பீர்கள். இவ்வளவு காலமும் ஒரு கடுமையான கடிதத்தைக்கூட அனுப்பாமல் முகாமையாளரின் மேசைக்கு முன்னால் போய்ப் போய் நின்றிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இந்தப் பயம்தானே என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

வங்கி கடன்பட்டிருப்பது உங்களுக்கு அல்ல, உங்கள் அம்மாவுக்கு. அவருடைய பெயருக்கு வந்த கடிதத்தை அவர் பார்க்காமல் எடுத்து வைத்திருக்கிறீர்கள். வயதானவர், மனம் நோகும், இரத்த அழுத்தம் ஏறும் என்று நீங்கள் சொல்லக்கூடிய காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றையும் நான் ஏற்கப் போவதில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவில் போரினால் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, உங்கள் அம்மாவுக்கு நாற்பதைந்தும் ஆகியிருக்காது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பிள்ளைகளையும் வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு அந்த வீதியைக் கடந்தவர்கள். நகையை அடகு வைத்து மீட்டு, சீட்டுப் பிடித்து, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். 2022 இல் வட்டி ஏறியிருக்கிறது என்று அறிந்து, புதிய வீதத்தில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தவரும் அவரே. காசு விடயத்தில் உங்கள் வீட்டில் அன்று தெளிவாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர். அவருக்குத் தாங்கும் வலு இல்லை என்று நீங்கள் முடிவு செய்தது பாசத்தால்தான் என்பதை நம்புகிறேன். ஆனாலும் அது அவரைச் சிறுபிள்ளையாக்கும் பாசம். தாய்க்குப் பிள்ளை செய்ய வேண்டிய கடமைகளில் அவருடைய சொத்தைப் பற்றிய உண்மையை அவரிடம் சொல்வதும் ஒன்று.

அந்தப் பதினொரு மாதத்தின் பெறுமதியையும் நீங்கள் குறைத்து எண்ணுகிறீர்கள் போலிருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதற்குப் பின்னர் வைப்புகளுக்குக் கிடைத்த உயர்ந்த வட்டி, 2023 யூனில் வீதங்களைக் குறைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வரவில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த நேரத்தில் சேமிப்புக் கணக்கில் கிடந்த பணம் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. "விட்டுவிடுவதா" என்று கேட்கிறீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பணத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

இனிச் செய்ய வேண்டியது. இந்தக் கிழமையே அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முறைப்பாட்டில் கையொப்பம் சரியில்லையென்றால், அடுத்த படிக்கு முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் அதை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் முறையில் அம்மாவின் கையொப்பத்துடன் ஒரு புதிய கடிதம் எழுதுங்கள். அலைச்சலை நீங்கள் ஏற்பதென்றால், உங்களுக்கு அவர் எழுத்தில் அதிகாரம் தரட்டும். அற்றோர்னித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரத்தைச் சட்டப்படி உங்களுக்குத் தரும் பத்திரம்) தேவையா, அதிகாரக் கடிதம் போதுமா என்பதையும் அதே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அந்தக் கடிதம் கிளைக்கு அல்ல, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் போக வேண்டும். 2023 நவம்பர்க் கடிதத்தின் பிரதியை இணைத்து, இழந்த வட்டியை எந்த வீதத்தில் எத்தனை நாளுக்குக் கணக்கிட்டார்கள் என்ற விபரத்தையும், பணம் வரவு வைக்கப்படும் திகதியையும் கேளுங்கள். வட்டியையும் நட்டஈட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வட்டியில் வரி பிடிக்கப்படும். முழுத்தொகையும் பெற்றுத் தீர்வு கண்டதாக ஒரு படிவத்தை நீட்டினால், தொகையைச் சரிபார்க்காமல் அம்மா அதில் ஒப்பமிடக்கூடாது.

பதில் வராவிட்டாலோ, மீண்டும் கொழும்பைக் காட்டினாலோ, இரண்டு இடங்கள் இருக்கின்றன. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2023 ஓகஸ்ட்டில் வெளியான நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் முறைப்பாடுகளை ஒழுங்காகக் கையாளும் பொறுப்பை வங்கிகள் மீது சுமத்தியிருக்கின்றன. ஒப்புக்கொண்ட தொகையை இரண்டு வருடம் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு அங்கே விளக்கம் சொல்வது எளிதல்ல. மற்றது, ஒம்புட்ஸ்மன் என்று எல்லோரும் சொல்லும் நிதிக் குறைகேள் அதிகாரி. வங்கியிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும், விடயம் நீதிமன்றத்தில் இருக்கக்கூடாது, கட்டணம் இல்லை. ஆகவே வழக்குப் போடுவதற்கு முன்னரே இந்தக் கதவைத் தட்டுங்கள்.

அதற்காகக் காலத்தை நீட்ட வேண்டாம். வழக்குகளுக்குக் காலவரம்பு வைக்கும் நமது 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில், எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம். கடன்பட்டவர் ஒப்பமிட்டு எழுத்தில் ஏற்றுக்கொண்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்பதால், வங்கியின் கடிதம் உங்கள் வீட்டிலுள்ள மிகப் பெறுமதியான தாள். உங்களுக்குப் பொருந்துவது எந்தக் கணக்கு என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும். மூன்று வருடம்தான் என்றால் அதில் இரண்டு வருடத்தை நீங்கள் ஏற்கெனவே மறைப்பதில் செலவழித்துவிட்டீர்கள்.

இன்னும் ஒன்று. நீங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த காசைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வங்கியிலிருந்து வருகின்ற தொகை முழுவதும் அம்மாவின் கணக்குக்கே போக வேண்டும்; அதிலிருந்து உங்கள் பங்கை நீங்களாகக் கழித்துக்கொள்ளக்கூடாது. மாதம் மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை எழுதி அவரிடம் கொடுங்கள். திருப்பித் தருவதா, பிள்ளை கொடுத்ததாக வைத்துக்கொள்வதா என்று அவர் தீர்மானிக்கட்டும்.