பர்சனல் லோனை சீக்கிரம் முடிக்கணுமா? கேளுங்க, சொல்றேன்

லோன் செக்‌ஷன்ல பல வருஷம் உக்காந்தவ நான், என் சொந்த லோனையும் பாதியிலயே முடிச்சிருக்கேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே உதாரணம் வச்சுக்குவோம்: 5 லட்சம், 14 சதவீதம், 60 மாசம், இஎம்ஐ 11,634.

கேள்வி: அக்கா, ஒரு வருஷமா கட்டுறேன், அசல் குறையவே மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்தல தம்பி, கணக்கே அப்படித்தான். பாக்கி நிக்கிற அசலுக்குத்தான் வட்டி, முதல் மாசம் அசல் அப்படியே முழுசா நிக்குதுல்ல, அதனால 11,634ல 5,833 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியுறது வெறும் 5,801. 12 மாசத்துல 1,39,608 கட்டிருப்பீங்க, அசல் இறங்கினது 74 ஆயிரத்து சொச்சம். அதே இஎம்ஐல கடைசி மாச வட்டி 134 தான்!

கேள்வி: அதே நிலைமைதான் எனக்கும், 12 இஎம்ஐ முடிஞ்சுது. கைல 1 லட்சம் இருக்கு. கட்டினா இஎம்ஐயைக் குறைக்கவா, மாசத்தைக் குறைக்கவானு கேக்குறாங்க.

பதில்: மாசத்தைக் குறைங்க. இஎம்ஐ 11,634 அப்படியே ஓடினா பாக்கி 48 மாசம் 34 சொச்சமா சுருங்கும், வட்டில சுமார் 62 ஆயிரம் மிச்சம். இஎம்ஐயைக் குறைச்சா மாசம் 8,901 தான் வரும், கேக்க சொகமாத்தான் இருக்கும், ஆனா மிச்சம் 31 ஆயிரம் தான், கட்டின பணம் அதே 1 லட்சம். மாசச் செலவுக்கே இழுபறின்னா மட்டும் இஎம்ஐயைக் குறைங்க, அதுல தப்பில்ல.

கேள்வி: எக்ஸ்ட்ரா பணத்தை லோன் அக்கவுண்ட்ல போட்டா போதுமா மேடம்?

பதில்: போதாது, நானே இதுல மாட்டினவ. பணத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருந்தேன், ரெண்டு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா அதை அட்வான்ஸ் இஎம்ஐன்னு ஓரமா வச்சிருக்காங்க, அசல் ஒரு பைசா கூட இறங்கல. "பார்ட் பேமென்ட், அசல்ல கழிக்கவும்"னு மெயில் போட்டு, மாசாமாசம் அசல், வட்டி எவ்வளவுன்னு காட்டுற புது ஷெட்யூல் கேட்டு வாங்குங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் நம்பாதீங்க.

கேள்வி: இன்னும் 6 இஎம்ஐ தான், ஒரேடியா முடிச்சுடவா? ஃபோர்குளோஷர் சார்ஜ் 4 சதவீதமாம்.

பதில்: நம்ம உதாரணத்துலயே பாருங்க, 6 மாசம் இருக்கறப்போ பாக்கி 67,041, இனிமே வரப்போற வட்டி மொத்தமே 2,764. சார்ஜ் 2,682, அதுக்கு மேல வரி வேற போட்டா கைக்காசு தான் போகும். பேசாம கட்டிட்டு வாங்க.

கேள்வி: 10 சதவீதம் ஃப்ளாட் ரேட்ல தர்றாங்க, அதை வாங்கி இந்த 14ஐ அடைச்சா லாபம் தானே?

பதில்: ஐயோ வேண்டாம். ஃப்ளாட்னா அசல் குறைஞ்சாலும் முதல் நாள் தொகைக்கே கடைசி வரை வட்டி. 3 வருஷத்துக்கு 10 ஃப்ளாட்னா, நம்ம லோன் மாதிரி பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போடுற கணக்குல கிட்டத்தட்ட 18 சதவீதம்.

கேள்வி: சேமிப்பு மொத்தத்தையும் போட்டு அடைச்சுடலாமா?

பதில்: மூணு நாலு மாசச் செலவுக்கு எடுத்து வச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க. அவசரத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்ச்சா இங்க மிச்சம் பிடிச்ச வட்டி அங்க போயிடும். கார்டு பாக்கி ஏற்கனவே இருந்தா முதல்ல அதை முடிங்க.

கேள்வி: நேத்து முழுசா கட்டிட்டேன் அக்கா! இனி வேலை இல்லல்ல?

பதில்: சந்தோஷம்மா, ஆனா இருக்கு. என்ஓசி, அதாவது பாக்கி எதுவும் இல்லைன்னு அவங்க தர்ற கடிதம், வாங்குங்க, ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லுங்க, குடுத்த செக் இருந்தா திரும்பக் கேளுங்க. லோனோட இன்சூரன்ஸ் எடுத்திருந்தா மிச்ச காலத்துக்கு பிரீமியம் திரும்ப வருமான்னு கேளுங்க, யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட்ல "குளோஸ்டு"னு இருக்கான்னு பாருங்க, "செட்டில்டு"னு இருந்தா பாதி கட்டி பேரம் பேசி முடிச்ச மாதிரி அர்த்தம், உடனே என்ஓசியைக் காட்டி திருத்தச் சொல்லுங்க.